நான்கு ஆப் மாற்றியும் வேலை கைநழுவுகிறது. நீங்கள் எதைத்தான் பயன்படுத்துகிறீர்கள்?

மேசைமேல்மலை
பதிவு 1, திங்கள் இரவு

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருப்பவன். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

என் வேலை ஒருங்கிணைப்பு. மூன்று பிரிவுகளுக்கு நடுவில் நின்று, இவரிடம் கோப்பை வாங்கி அவரிடம் கொடுத்து, அவரிடம் ஒப்புதல் வாங்கி இன்னொருவருக்கு அனுப்புவது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே கடினம் இல்லை. சேர்ந்து வரும்போதுதான் மூச்சு முட்டுகிறது.

இரண்டு வருடத்தில் நான்கு ஆப் மாற்றிவிட்டேன். ஒவ்வொன்றிலும் முதல் பத்து நாள் சொர்க்கம். வண்ண வண்ணமாக லேபிள், பிரிவு வாரியாகப் பட்டியல், டிக் அடித்தால் ஒரு சின்ன மணிச்சத்தம். மூன்றாவது வாரம் அதைத் திறக்கவே பயமாக இருக்கும். இப்போதைய பட்டியலில் 143 வேலைகள் நிற்கின்றன. மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டுகள் தனிக்கணக்கு. படிக்காத மெயில் எத்தனை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் புதன்கிழமைக்குள் ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். வியாழன் இரவு படுக்கையில் புரளும்போதுதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் மேலாளர் திட்டவில்லை. "சரி, இனி இதை வேறு யாரிடமாவது கொடுத்துப் பார்க்கிறேன்" என்றார். திட்டியிருக்கலாம்.

ஐந்தாவதாக எந்த ஆப் போடலாம்? பெயர் மட்டும் சொன்னால்கூடப் போதும்.


வேகவண்டி
பதிவு 2

எனக்கு போனில் வரும் சாதாரண நினைவூட்டல் ஆப்பே போதுமாக இருக்கிறது. காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். 143 எல்லாம் அதில் தாங்குமா என்று தெரியாது, என்னிடம் ஒரு நாளும் 20 தாண்டியதில்லை.


பழையகணக்கன்
பதிவு 3, செவ்வாய் காலை

ஆப் பெயர் கேட்டு வந்தவரிடம் எதிர்க்கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். முப்பது வருடம் தணிக்கை வேலை பார்த்தவன், எண்ணைப் பார்த்தால் பிரித்துப் பார்க்காமல் கை சும்மா இருக்காது.

அந்த 143-இல் எத்தனை நீங்கள் இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு? எத்தனை "செய்தால் நன்றாக இருக்கும்" என்கிற ஆசை? எத்தனை உங்கள் கையிலேயே இல்லாமல் வேறொருவர் மேசையில் கிடக்கின்றன? எத்தனை ஏற்கெனவே முடிந்தோ செத்தோ போய், டிக் மட்டும் அடிபடாமல் நிற்கின்றன?

கணக்கில் கடனையும் வரவையும் சேமிப்பையும் ஒரே பத்தியில் எழுதி அடியில் கூட்டல் போட்டால் ஒரு எண் வரும். அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. உங்கள் 143-உம் அப்படிப்பட்ட எண்ணாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். ஒரு மணி நேரம் ஒதுக்கி எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆப்பை அப்புறம் பேசலாம்.


நடுநிசி_நிரலன்
பதிவு 4

ஐயா சொன்னதற்கு ஒரு கணிதப் பின்பாட்டு.

வரிசைகளைப் பற்றி லிட்டில் விதி என்று ஒன்று இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் அதற்கு நிரூபணம் கொடுத்தார். உள்ளே நிற்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை = ஒரு நாளில் முடிகிறவை × ஒவ்வொன்றும் உள்ளே கிடக்கும் சராசரி நாட்கள். அவ்வளவுதான். எந்த வேலையை முதலில் எடுக்கிறீர்கள் என்பது இந்தச் சராசரிக் கணக்குக்கு ஒரு பொருட்டே இல்லை.

நீங்கள் ஒரு நாளுக்கு 4 வேலை முடிப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே 143 நிற்கிறது, புதிதாக வருவதும் ஏறக்குறைய முடிவதும் ஒரே வேகம். 143-ஐ 4-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 36 வேலை நாட்கள். அதாவது உங்கள் பட்டியலுக்குள் இன்று நுழையும் வேலை வெளியே வர சராசரியாக ஏழு வாரம் ஆகும். அதில் நீங்கள் அவசரம் என்று முன்னால் இழுக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஒன்று ஏழு வாரத்தையும் தாண்டிப் போகும்.

லேபிளை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றினால் இந்த வகுத்தல் மாறாது. ஒன்று, முடிக்கும் வேகம் கூட வேண்டும். அல்லது உள்ளே நிற்பது குறைய வேண்டும். வேகத்தை இரு மடங்காக்குவது யாருக்கும் லேசு இல்லை. எண்ணிக்கையைப் பாதியாக்குவது ஒரு சாயங்கால வேலை.


வேகவண்டி
பதிவு 5

காலையிலேயே வகுத்தல் கணக்கா, தலை சுற்றுகிறது.


மேசைமேல்மலை
பதிவு 6, செவ்வாய் இரவு

எண்ணிவிட்டேன். ஒரு மணி நேரம் என்றீர்கள், இரண்டே கால் மணி நேரம் ஆனது.

ஏற்கெனவே முடிந்தவை அல்லது செத்தவை: 38
மற்றவர்களின் பதிலுக்காகக் காத்திருப்பவை: 22
ஆசைகள் (ஒரே வேலையைக் கணினி தானாகச் செய்ய மேக்ரோ எழுதக் கற்பது, பழைய ஃபோல்டர்களை ஒழுங்கு செய்வது, இத்யாதி): 52
உண்மையிலேயே நான் ஒருவருக்குச் செய்து தருவதாகச் சொன்னவை: 31

அந்த 31-இலும் தேதி குறிக்கப்பட்டவை 9 மட்டும்.

ஆனால் நான் உட்கார்ந்து யோசிப்பது இதையெல்லாம் அல்ல. போன வாரம் கோட்டைவிட்ட அந்த ஒப்புதல் கடிதம் பட்டியலில் எங்குமே இல்லை. நான்கு ஆப்பிலும் தேடினேன், சீட்டுகளிலும் தேடினேன். அது படிக்கட்டில் எதிரே வந்தவர் கேட்டது. "சரி, பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டேன். எழுதவே இல்லை.


இரவுப்பணி_அக்கா
பதிவு 7, புதன் அதிகாலை

தம்பி, உங்கள் வியாதியின் பெயரே அந்த "பார்த்துக்கறேன்"தான்.

நான் மருத்துவமனை வார்டில் செவிலியர். பணி மாறும்போது, போகிறவர் வருகிறவரிடம் ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லி ஒப்படைப்போம். முக்கியமானதைக் கேட்டுக்கொண்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், சும்மா தலையாட்டினால் போதாது. "எட்டாம் படுக்கைக்கு ஆறு மணிக்கு ரத்தப் பரிசோதனை, முடிவு வந்ததும் மருத்துவருக்கு போன்" என்று வாயால் சொல்லி, கையால் எழுதினால்தான் அந்த வேலை இவரிடமிருந்து அவரிடம் போனதாக அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதெல்லாம் சடங்கு என்று நினைத்தேன். பதினாறு மணி நேரம் கண் விழித்திருக்கும்போது நம் மூளை எப்படி ஏமாற்றும் என்று ஒரு தடவை பார்த்த பிறகு அப்படி நினைப்பதில்லை. அந்த ஒரு தடவையைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

நினைவை நம்பக்கூடாது என்பதை விமானக்காரர்கள் எங்களுக்கு முன்பே கற்றுக்கொண்டார்கள். 1935 அக்டோபர் 30, அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் மாடல் 299 என்ற புது விமானத்தின் பரிசோதனை ஓட்டம். ஓட்டியவர்கள் கத்துக்குட்டிகள் அல்ல. நிறுத்தி வைக்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க விமானத்தைத் திருப்பும் அசையும் பகுதிகளில் போடும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். விமானம் கிளம்பி மேலே ஏறி அப்படியே விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஓட்டுநர் கையில் சரிபார்ப்புப் பட்டியல் கட்டாயம் என்ற பழக்கம் வேர் பிடித்தது. அதே விமான வகை பிறகு பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது. அறுவை சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த 19 அம்சப் பட்டியலும் அதே வழியில் வந்ததுதான். நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம் அறுக்கப் போகிறோம் என்கிற மாதிரியான கேள்விகள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் கேட்டே ஆக வேண்டும்.

நான் சொல்ல வருவது இரண்டு. ஒன்று, வாயிலிருந்து வாக்கு வெளியே வரும் அதே நேரத்தில் கை எழுத வேண்டும். படிக்கட்டாக இருந்தாலும் சரி. சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்று போதும். இரண்டாவது, திரும்பத் திரும்ப வரும் வேலைகளை அன்றாடப் பட்டியலில் எழுதி எழுதி அதைக் கொழுக்க வைக்காதீர்கள். மாத அறிக்கைக்கு எப்போதும் ஒரே பதினோரு படி என்றால், அதற்கு ஒரு தாள் அடித்து வைத்துக்கொண்டு மாதாமாதம் அதையே எடுங்கள். பட்டியல் வேறு, சரிபார்ப்புத் தாள் வேறு.


பழையகணக்கன்
பதிவு 8

சகோதரி எழுதியதற்கு மேல் எனக்கு வேலை இல்லை. ஒன்றே ஒன்று. அந்த 22 காத்திருப்புகளைத் தனி ஏடாகப் பிரியுங்கள். யாரிடம், என்ன, என்றைக்குக் கேட்டது, மறுபடி எப்போது கேட்பது, இந்த நான்கு மட்டும். ஒருங்கிணைப்பு வேலையில் பாதிக் கெட்ட பெயர் நாம் செய்யாததால் வருவதில்லை. அடுத்தவர் செய்யாததை நாம் கேட்காமல் விட்டதால் வருகிறது.


நெருப்பில்நிற்பவள்
பதிவு 9, புதன் மதியம்

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். ஏட்டுச் சுரைக்காய் என்று சொன்னால் கோபம் வரக்கூடாது.

என் நிலைமை இது. ஒரு வேலையைத் திறந்தால் பத்து நிமிடத்தில் சாட்டில் ஒரு குரல், அதை முடிப்பதற்குள் போன், போனை வைத்தால் தோளில் தட்டி "ஒரு நிமிஷம்". சாயங்காலம் பார்த்தால் எட்டு ஃபைல் பாதிப் பாதியாகத் திறந்து கிடக்கும். ஒரு தடவை தடங்கல் வந்தால் பழைய கவனம் திரும்ப 23 நிமிடம் ஆகுமாம், எங்கோ படித்தேன். அப்படியானால் நான் நாள் முழுக்க கவனமே இல்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு எந்த நோட்டு உதவும்?


நடுநிசி_நிரலன்
பதிவு 10

அந்த 23 நிமிடத்தை இணையம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள், கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். தடங்கல்களை ஆராயும் குளோரியா மார்க்கின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது அது. அவரும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஒரு சோதனையின் முடிவு வேறு மாதிரி இருக்கிறது. தடங்கலுக்கு ஆளானவர்கள் வேலையை விரைவாகவே முடித்தார்கள். அந்த வேகத்துக்குக் கொடுத்த விலை, கூடுதல் மன அழுத்தமும் எரிச்சலும். "திரும்ப இத்தனை நிமிடம்" என்று யாருக்கும் பொதுவாக ஒரு எண் எழுதிவிட முடியாது.

உங்களுக்குப் பயன்படக்கூடியது சோஃபி லெராய் செய்த ஆய்வு. 2009-இல் அவர் காட்டியது இது: ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முடிக்காமல் விட்டதாக இருந்தால் ஒட்டு பலம். பிறகு 2018-இல் தெரேசா குளோம்போடு சேர்ந்து அதற்கு ஒரு கைமருந்தும் சோதித்தார். எழுந்து போகும் முன் எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டுப் போவது. அப்படி எழுதியவர்கள் இடையில் வந்த வேலையை மேலும் நன்றாகச் செய்தார்கள்.

நான் தினமும் இதைச் செய்கிறேன். யாராவது தோளைத் தட்டினால் "இருங்க, ஒரு வரி" என்று சொல்லி, நிரலில் நின்ற இடத்திலேயே "அடுத்து: தேதி வடிவம் சரிபார்க்கணும்" என்று தட்டிவிட்டுத்தான் தலை நிமிர்வேன். பத்து விநாடி. முதலில் மரியாதைக்குறைவாகப் பட்டது, இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது.


நெருப்பில்நிற்பவள்
பதிவு 11

பத்து விநாடி எனக்கும் கிடைக்கும். சரி, நாளை முயல்கிறேன். தட்டுகிறவர் மேலதிகாரியாக இருந்தால் "இருங்க" என்று சொல்வதற்கு மட்டும் வேறு வார்த்தை கண்டுபிடிக்க வேண்டும்.


தக்காளிக்கடிகாரம்
பதிவு 12

பொமொடோரோவைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லையே! என் பெயருக்காகவாவது பேச வேண்டாமா?

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. 1980-களின் கடைசியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ மாணவராக இருந்தபோது படிப்பில் மனம் நிற்காமல், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றைத் திருகி வைத்துத் தொடங்கியது. இத்தாலிய மொழியில் பொமொடோரோ என்றால் தக்காளி. தொடங்கவே பிடிக்காத வேலைக்கு இதுபோல் மருந்து இல்லை. அறிக்கை எழுது என்றால் என் கை வராது. 25 நிமிடம் அதன் முன்னால் உட்கார் என்றால் உட்கார்ந்துவிடுவேன். மூன்றாவது நிமிடத்தில் எழுதவும் ஆரம்பித்திருப்பேன்.


நடுநிசி_நிரலன்
பதிவு 13

தொடங்குவதற்கு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்குச் சூடு பிடிப்பதே இருபதாவது நிமிடத்தில். அங்கே மணி அடித்தால் கடிகாரத்தைச் சுவரில் அடிக்கத் தோன்றும்.


தக்காளிக்கடிகாரம்
பதிவு 14

அப்படியானால் 50 வைத்துக்கொள்ளுங்கள், யார் தடுத்தது? 25 ஒன்றும் வேதம் இல்லை.


குழுத்தலைவி
பதிவு 15, வியாழன் மாலை

நான் மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஒன்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுப்பவள்.

ஒருவர் காலண்டரைக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை கட்டம் கட்டமாக நிரப்பி வைத்திருந்தால் முன்பு எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது பயமாக இருக்கிறது. நிரலன் வரிசைக் கணக்கில் ஆரம்பித்தார், அதன் அடுத்த பக்கத்தை நான் சொல்கிறேன். வேலைகள் நேரம் காலம் இல்லாமல் வருகின்றன, ஒன்று சிறிது ஒன்று பெரிது, செய்ய ஒரே ஆள். இந்த எளிய மாதிரியில் சராசரி வேலைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் என்றால், அவர் பாதி நேரம் நிரம்பியிருக்கும்போது புதிதாக வரும் வேலை காத்திருப்பது சராசரியாக 1 மணி. 80 சதவீதம் நிரம்பினால் 4 மணி. 90 என்றால் 9 மணி. 95 என்றால் 19 மணி. கடைசி 5 சதவீதத்தைப் பிழிந்து எடுக்கப் போய், காத்திருப்பு இரட்டிப்புக்கும் மேல் ஆகிறது. முழுக்க நிரம்பிய காலண்டரில் ஒரு சின்னத் தலைவலி வந்தால்கூட வாரம் முழுக்கச் சரியும்.

இதோடு நம் மதிப்பீடும் சேர்ந்துகொள்கிறது. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் திட்டமிடல் மயக்கத்தைப் பற்றி எழுதினார்கள். எத்தனை முறை தாமதமானாலும் அடுத்த முறை சீக்கிரம் முடியும் என்றே நம்புவோம். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன கணக்கையும்கூட உண்மை தாண்டிவிட்டது. அதனால் என் குழுவில் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "இதே மாதிரி வேலை போன தடவை எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறேன். பதில் வேறு மாதிரி வரும்.

இழை தொடங்கியவருக்கு: புது வேலை வரும்போது முடியாது என்று சொல்லத் தேவையில்லை. "இதை எடுத்துக்கொள்கிறேன். இப்போது கையில் அதுவும் அதுவும் இருக்கிறது. எதைத் தள்ளிவைக்கட்டும்?" என்று கேளுங்கள். எங்களுக்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பது நிஜமாகவே தெரிவதில்லை. நாங்கள் கொடுத்தது எங்களுக்கே மறந்துபோகும்.


நெருப்பில்நிற்பவள்
பதிவு 16

> எதைத் தள்ளிவைக்கட்டும்? என்று கேளுங்கள்

இதை நான் கேட்டிருக்கிறேன். வந்த பதில்: "எதையும் தள்ளாதே, எல்லாமே முக்கியம்." இந்த வசனத்தைப் பேச ஒரு பதவி வேண்டும் அக்கா. சேர்ந்து எட்டு மாதம் ஆன என்னைப் போன்றவள் பேசினால் "எதிர்த்துப் பேசுகிறாள்" என்று போகும்.


குழுத்தலைவி
பதிவு 17

நியாயம். எல்லா இடத்திலும் செல்லும் என்று எழுதியது என் தவறு. அப்படிப்பட்ட இடத்தில் ஒன்று மட்டும் செய்யலாம். வாயால் கேட்காமல், செய்யப்போகும் வரிசையை எழுதி அனுப்பிவிடுவது. "இந்த வாரம் இந்த வரிசையில் முடிக்கிறேன். மாற்றம் வேண்டுமானால் சொல்லுங்கள்." மூன்றே வரி. மாற்றுகிறவர் மாற்றட்டும், மாற்றாவிட்டால் அந்த வரிசை அவருக்கும் தெரிந்த வரிசை. கேள்வி கேட்டால் பிடிக்காதவர்கள்கூடத் தகவல் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். எல்லோரும் என்று சொல்ல மாட்டேன்.


நெருப்பில்நிற்பவள்
பதிவு 18

என் மேலதிகாரி மெயிலைப் படிப்பதே இல்லை. ஆனாலும் அனுப்பிப் பார்க்கிறேன், கையில் ஒரு சாட்சியாவது இருக்கட்டும்.


வேகவண்டி
பதிவு 19

மெயில் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஃபோல்டர் பிரித்து வைப்பவர்கள் இங்கே யாராவது உண்டா? நான் 60 ஃபோல்டர் வைத்திருக்கிறேன். ஒரு மெயிலை எங்கே போடுவது என்று யோசிக்கும் நேரத்தில் அதற்குப் பதிலே எழுதியிருக்கலாம்.


நடுநிசி_நிரலன்
பதிவு 20

60-ஐயும் கலைத்துவிடுங்கள். ஐபிஎம் ஆய்வாளர்கள் 2011-இல் 345 பேர் பழைய மெயிலைத் தேடி எடுப்பதைக் கவனித்தார்கள். கஷ்டப்பட்டு ஃபோல்டர் பிரித்தவர்கள் தேடுபெட்டியை நம்பியவர்களைவிட நன்றாகக் கண்டுபிடிக்கவில்லை. நேரம்தான் கூடுதலாகப் பிடித்தது.

கணினியில் உள்ள கோப்புகளுக்கு வேறு நியாயம். அவற்றுக்குப் பெயர் வைப்பதில்தான் சூட்சுமம். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், மாதத்துக்கும் நாளுக்கும் இரண்டு இலக்கம் போட்டு, பெயரின் முன்னால் வைத்தால் பெயர்வாரியாக அடுக்கும்போதே காலவரிசையும் தானாக வந்துவிடும். நாள் எண்ணை முன்னால் போட்டால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒரே இடத்தில் கூட்டம் போடும். இறுதி, இறுதி_புதிது, இறுதி_இதுதான்_நிஜம் என்று வைப்பவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.


வேகவண்டி
பதிவு 21

கடைசி வரியில் என் கணினியை எட்டிப் பார்த்தது யார்?


இரவுப்பணி_அக்கா
பதிவு 22, வெள்ளி

மேசைமேல்மலை தம்பியைக் காணோமே. 143-க்கு அடியில் சிக்கிக்கொண்டாரா?


மேசைமேல்மலை
பதிவு 23, மூன்று வாரம் கழித்து

இருக்கிறேன் அக்கா. செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

முதல் நாளே 38 செத்தவற்றை அழித்தேன். கை நடுங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். 52 ஆசைகளை வேறொரு பக்கத்துக்கு மாற்றி மடித்து வைத்துவிட்டேன். மிச்சம் 31 வாக்குகளும் 22 காத்திருப்புகளும். நிரலன் கணக்குப்படி 31-ஐ 4-ஆல் வகுத்தால் எட்டு நாள். பட்டியலைத் திறக்கும்போது முன்பு வயிற்றைப் பிசைந்த அந்த உணர்வு பெரும்பாலும் போய்விட்டது.

ஆப் எதுவும் புதிதாகப் போடவில்லை. ஒரு சின்ன நோட்டு, அதில் தினம் ஒரு பக்கம். சாயங்காலம் கிளம்பும் முன் பத்து நிமிடம், அன்று எழுதியதை ஏற்கெனவே இருக்கும் ஆப்பில் ஏற்றுகிறேன். தேதி இல்லாத வாக்கை ஏற்றுவதில்லை. கேட்டவரிடமே "எப்போதைக்கு வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். "அவசரமே இல்லை" என்று சொல்பவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. இவர்களுக்காகவா இரவெல்லாம் புரண்டேன்?

காத்திருப்பு ஏடுதான் பெரிய ஆச்சரியம். 22-இல் ஆறு பேர், நான் அனுப்பிய முதல் மெயிலையே பார்க்கவில்லை. இருவர் பதிலுக்காக என்னை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் அவர்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். பழையகணக்கன் ஐயா, இதற்கு உங்கள் துறையில் ஏதாவது பெயர் இருக்கிறதா?

ஒத்துவராததையும் சொல்ல வேண்டும். பொமொடோரோவை இரண்டு நாளில் விட்டேன், என் வேலையில் 25 நிமிடம் யாரும் என்னை விட்டுவைப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை வாரம் முழுவதையும் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது என்று நானாகவே ஒரு விதி வைத்தேன். மூன்று வெள்ளியில் ஒன்றில்தான் செய்தேன். செய்யாத ஒரு வாரத்தில் ஒரு விஷயம் நழுவியது. இந்த முறை நோட்டில் இருந்தது, ஆனால் ஆப்புக்கு ஏறவில்லை. மேலாளர் கேட்பதற்கு முன்பே நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.


பழையகணக்கன்
பதிவு 24

இருவரும் ஒருவரை ஒருவர் எதிர்பார்த்து நிற்பதற்கு எங்கள் துறையில் தனிப் பெயர் எதுவும் எனக்குத் தெரியாது, "நிலுவை" என்று பொதுவாக எழுதி வைப்போம். இருதரப்பு ஏட்டிலும் மற்றவர் பெயரில் எழுதியிருக்கும். நேரில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமையை வியாழனுக்கு மாற்றிப் பாருங்கள். வெள்ளி மாலை மனம் வாசலில் இருக்கும்.


இரவுப்பணி_அக்கா
பதிவு 25

படிக்கட்டில் என்ன நடக்கிறது, அதைச் சொல்லவில்லையே?


மேசைமேல்மலை
பதிவு 26

அதைச் சொல்ல மறந்தேன் பாருங்கள், இதை எழுதி வைக்கவில்லை.

இப்போது படிக்கட்டில் யாராவது நிறுத்திக் கேட்டால் "ஒரு நிமிஷம்" என்று பையிலிருந்து நோட்டை எடுத்து, பேனாவைத் திறந்து, "சொல்லுங்க" என்கிறேன். பாதிப்பேர் நோட்டைப் பார்த்ததும் "இல்ல இல்ல, இருக்கட்டும், நானே ஒரு தடவை பார்த்துட்டு மெயில் போடறேன்" என்று ஏறிப் போய்விடுகிறார்கள். அவர்களில் மெயில் போட்டவர்கள் இதுவரை மூன்று பேர்.


குழுத்தலைவி
பதிவு 27

இதைப் படித்துவிட்டு, இந்த வாரம் படிக்கட்டில் நான் எத்தனை பேரை நிறுத்தினேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையைச் சொல்லப்போவதில்லை.


நெருப்பில்நிற்பவள்
பதிவு 28

என் கதையையும் எழுதிவிடுகிறேன். மூன்று வாரமாகத் திங்கள் காலை அந்த வரிசை மெயிலை அனுப்புகிறேன். பதில் எதுவும் வந்ததில்லை. ஆனால் நேற்று கூட்டத்தில் ஒருவர் என்னிடம் புதிதாக ஒன்று தள்ளப் பார்த்தபோது, மேலதிகாரி தலை நிமிராமல், "அவளுடைய வரிசையில் அது நான்காவதாகத்தான் வரும்" என்றார். படிக்கிறார் போலிருக்கிறது.


வேகவண்டி
பதிவு 29

மலை, அந்த 52 ஆசைகள் என்ன ஆயின?


மேசைமேல்மலை
பதிவு 30

51. மேக்ரோ கற்கும் ஆசையை அடித்துவிட்டேன், நான்கு வருடமாக இருந்தது. கீழ்த்தளத்தில் ஒருவருக்கு மேக்ரோ நன்றாகத் தெரியுமாம், செய்து தருகிறேன் என்றார். அவர் பெயர் இப்போது காத்திருப்பு ஏட்டில் இருக்கிறது. அவர் எழுதிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.